இரண்டாவது கருவியை யார் செய்வது? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரிகளும் திறந்த தொழில்நுட்பமும் ஊர் வேலைகளுக்கு எப்படிக் கைகொடுக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறு இந்த இதழில்.

எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்மட்டத்தை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் கருவியை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்யப்போகிறோம். முன்பு சீனியர்கள் செய்த இதே கருவி இரண்டே மாதத்தில் நின்றுபோனதாம். எங்கே தவறியிருக்கும்?
– பொறியியல் மாணவிகள், சிவகங்கை

கருவியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தைத்தான். இத்தகைய கருவிகளுக்கு மூளையாக வைக்கும் இஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் அளவே இழுக்கும் என்று டேட்டாஷீட் சொல்லும். அது சில்லுக்கு மட்டுமான கணக்கு. கடையில் வாங்கும் டெவலப்மென்ட் போர்டில் யுஎஸ்பி சில்லு, எல்இடி, ரெகுலேட்டர் மூன்றும் விழித்தே இருக்கும். எல்லாம் சேர்ந்து 10 மில்லிஆம்பியர் வரை போகலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 10 வினாடி எழுந்து 100 மில்லிஆம்பியரில் வேலை செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 27 மில்லிஆம்பியர்-மணி ஆகும். தூங்கும் நேரத்துக்கு 240. வேலைக்கு ஆவதைப் போல ஒன்பது மடங்கு சும்மா இருப்பதற்கே போகிறது. 2,500 மில்லிஆம்பியர்-மணி செல் ஒன்பது நாளில் காலி. சூரியத் தகடு இருந்தால் கோடையில் இந்தக் குறை வெளியே தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில்தான் தெரியும். கண்மாய் நிறைகிற, கருவி உண்மையிலேயே தேவைப்படுகிற நாட்களில் அது படுத்துவிடும்.

எனவே டெவலப்மென்ட் போர்டை மேசையில் சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்கு வெறும் மாட்யூலும், ஓய்வில் சில மைக்ரோஆம்பியர் மட்டும் இழுக்கும் ரெகுலேட்டரும் போதும். அந்த ரெகுலேட்டர் ரேடியோ அனுப்பும்போது வரும் உச்ச மின்னோட்டத்தைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். சென்சாரும் சும்மா இருக்கும்போது சில மில்லிஆம்பியர் இழுக்கும். அதன் மின்சாரத்தை ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வழியாகக் கொடுத்து, அளக்கும் நேரம் தவிர மற்ற நேரம் துண்டியுங்கள். கரைக்குக் கொண்டுபோவதற்கு முன் மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் வைத்து உறக்க மின்னோட்டத்தை அளந்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்த எதிரி வெப்பம். சாதாரண லித்தியம்-அயான் செல்லை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் வெப்பம் அதைச் சுலபமாகத் தாண்டும். வெள்ளைப் பெட்டி வாங்கி, தகட்டுக்குக் கீழே நிழலில், தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டு மாட்டுங்கள். கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும். பக்கவாட்டில் துளை போட்டால் கம்பி வழியே மழைநீர் உள்ளே வரும்.

சென்சார் விஷயத்துக்கு வருவோம். மாணவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா அல்ட்ராசானிக் சென்சார். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது அது. அதற்கு முகத்தருகே 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை குருட்டுப் பகுதி உண்டு. கலிங்கு வழிகிற மட்டத்திலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டாவிட்டால், கண்மாய் பெருகும்போது பொய் எண் வரும். ஒலிக்கற்றை அகலமாக விரிவதால் மடைச் சுவரை ஒட்டி மாட்டினால் சுவரின் படிக்கட்டை அளந்து சொல்லும்; சுவரிலிருந்து ஒரு மீட்டராவது நீட்டிய இரும்புக் கையில் தொங்கவிடுங்கள். ஆகாயத்தாமரை படர்ந்தால் இலையின் மட்டம்தான் கிடைக்கும், சில நேரம் எதிரொலியே வராது. நீர்ப்பரப்பு 4 மீட்டருக்குக் கீழே போகும் இடமென்றால் இந்தச் சென்சாரை விட்டுவிட்டு, நீருக்குள் இறக்கும் அழுத்த சென்சாரைப் பாருங்கள். அதைச் சேறு மூடாமல் தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்ட வேண்டும்.

ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். ஒரு டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர். 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டருக்குச் சற்று மேல். நிரலில் ஒரே வேகத்தை எழுதி வைத்தால், 3 மீட்டர் தூரத்தில் மதியத்துக்கும் அதிகாலைக்கும் 8 சென்டிமீட்டர் வரை வித்தியாசம் காட்டும். கண்மாய் நீர் தினமும் ஏறி இறங்குவதாகப் படம் வரும். ஊர்க்காரர் ஒருமுறை பார்த்துச் சிரித்தால் அதோடு நம்பிக்கை போயிற்று. நிழலில் ஒரு டிஎஸ்18பி20 வெப்பமானியை வைத்துத் திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் 11 அளவுகள் எடுத்து, சராசரியை விட்டுவிட்டு நடு எண்ணை எடுங்கள். பறந்துபோன ஒரு கொக்கு சராசரியைக் கெடுக்கும். நடு எண்ணைக் கெடுக்காது. சென்சாரின் எக்கோ முனையில் 5 வோல்ட் வரும், இஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். நடுவே 1 கிலோஓம், 2 கிலோஓம் என்று இரு மின்தடைகளால் பிரித்துக் கொடுங்கள்.

தகவல் அனுப்ப 2ஜி மாட்யூல் வேண்டாம். அனுப்பும் கணத்தில் அது 2 ஆம்பியர் வரை இழுப்பதால் மெலிந்த செல்லில் மின்னழுத்தம் சரிந்து கருவி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். ஜியோ சிம்மும் அதில் வேலை செய்யாது. கரையிலிருந்து ஊராட்சி அலுவலகக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா என்ற ரேடியோ முறை நல்ல வழி. இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை. 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் மின்சாரம் கொடுக்காதீர்கள், அனுப்பும் பகுதி எரிந்துபோகும். நீர்மட்டத்தோடு செல்லின் வோல்ட், வெப்பம், திருத்தாத மூல அளவு மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். கருவி நின்ற பிறகு எதனால் நின்றது என்று சொல்லப்போவது அந்த மூன்று எண்கள்தான்.

இன்னொன்று. பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் அல்ல. அடிப்பகுதி கூம்பு போலிருந்தால் பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். நீர்வளத்துறையிடமோ ஒன்றிய அலுவலகத்திலோ அந்தக் கண்மாயின் கொள்ளளவு அட்டவணை கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உயரத்தை மட்டும் காட்டுங்கள், சதவீதம் போடாதீர்கள். மடைச் சுவரில் சென்டிமீட்டர் கோடுகள் பெயின்ட் அடித்து, நீர்ப்பாய்ச்சி வாரம் ஒருமுறை கண்ணால் பார்த்துச் சொல்லும் எண்ணோடு கருவியின் எண்ணை ஒப்பிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் நீங்கள் பட்டம் வாங்கிப் போனதும் கருவி அநாதை. அதற்கு ஒரு வழி உண்டு. மார்ச் மாதத்திலேயே மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம் உங்கள் ஆவணத்தை மட்டும் கொடுத்து இரண்டாவது கருவியைச் செய்யச் சொல்லுங்கள். உங்களிடம் அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. எங்கே திணறுகிறார்களோ அங்கே உங்கள் ஆவணத்தில் ஓட்டை. எங்கள் கருத்தில் புராஜெக்ட் மதிப்பெண்ணில் பாதியை இந்தச் சோதனைக்கே கொடுக்கலாம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் வழக்கமான மரம் நடுதலை விட்டுவிட்டு, ஊரின் நீர்நிலைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்ற நினைக்கிறோம். 50 மாணவர்கள். எப்படித் தொடங்கலாம்?
– திட்ட அலுவலர், திருவண்ணாமலை மாவட்டம்

நல்ல தேர்வு. யாரும் சேர்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து கிடக்கும் இந்த இணைய வரைபடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பழைய உறவு. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இதன் சர்வர்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் இடம் கொடுத்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படம் பார்த்துத் தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. 2015-இல் மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய யூத்மேப்பர்ஸ் என்ற மாணவர் வலையமைப்பில் இன்று பல நாட்டுக் கல்லூரிகள் கிளை வைத்திருக்கின்றன. உங்கள் கல்லூரியும் சேரலாம்.

முகாமுக்கு முந்தைய வாரம் கணினி ஆய்வகத்தில் இரண்டு மதியங்கள் வேண்டும். 50 பேரும் ஒரே நேரத்தில் புதுக் கணக்கு தொடங்கினால் ஒரே இணைய முகவரியிலிருந்து வருவதால் தடை விழலாம். வீட்டிலிருந்தே தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். பிரவுசரில் திறக்கும் ஐடி எடிட்டர் தொடக்கக்காரர்களுக்குப் போதும். முதல் மதியம் அதிலேயே உள்ள பயிற்சி, இரண்டாவது மதியம் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஏரி, சாலை, கட்டடம் வரைதல். முகாமில் காலை வேளை நடை, மாலை வேளை பதிவு. நால்வருக்கு ஒரு ஏரி என்று பிரித்தால், கலிங்கு, மதகு, வரத்துக்கால் எல்லாவற்றையும் காலில் நடந்து பார்க்க நேரம் இருக்கும். கைப்பேசியின் ஜிபிஎஸ் மரத்தடியில் 5 முதல் 10 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மதகு போன்ற புள்ளிகளில் ஒரு நிமிடம் நின்று பதியச் சொல்லுங்கள்.

எங்கே பிழை வரும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்ததாக இருந்தால், ஏரிக்குள் பச்சை வயலும் நடுவில் ஒரு குட்டையும்தான் தெரியும். மாணவர்கள் குட்டையை மட்டும் ஏரியாக வரைந்துவிடுவார்கள். வரைய வேண்டியது நிறைந்த நிலையின் பரப்பு: ஒரு பக்கம் கரை, மறுபக்கம் கலிங்கு மட்டத்துக்கு நீர் ஏறும் எல்லை. அந்த எல்லையை ஊர்ப் பெரியவர்களோடு நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும். வரைந்த பிறகு ‘ஆண்டு முழுதும் நீர் இராது’ என்ற குறிச்சொல்லைச் சேர்க்க மறக்கக்கூடாது. வரத்துக்காலை எப்போதும் நீர் ஓடும் திசையிலேயே, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, வரைய வேண்டும். வரைந்த திசையைத்தான் வரைபடம் ஓட்டத்தின் திசையாக எடுத்துக்கொள்ளும். தலைகீழாக வரைந்தால் கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்குத் தண்ணீர் ஏறும். ஐடி எடிட்டரில் கட்டடத்தை வரைந்ததும் ‘க்யூ’ விசையை அழுத்தினால் மூலைகள் நேராகும்; இதைச் சொல்லாவிட்டால் ஊரே கோணல்மாணலாக வரும்.

கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு பெயரைக்கூட எடுக்கக்கூடாது. உரிமச் சிக்கல், கண்டால் மொத்தப் பதிவையும் நீக்கிவிடுவார்கள். பெயரை ஊர்க்காரர் வாயால் கேட்டு, தமிழுக்கென்றுள்ள பெயர்ப் புலத்தில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். சித்தேரி, தாங்கல் என்று ஒரே நீர்நிலைக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டாவதை மாற்றுப் பெயராகச் சேருங்கள். வீட்டுக்காரர் பெயர், சாதி, கைப்பேசி எண் எதுவும் வரைபடத்துக்குப் போகக்கூடாது. கடைசி இரண்டு நாளை புதிய பதிவுக்கு ஒதுக்காதீர்கள். ஒரு குழு வரைந்ததை இன்னொரு குழு சரிபார்க்கட்டும்.

எங்கள் துறை மாணவர்கள் ஒரு நல்ல தெளிப்புக் கருவி வடிவமைத்துள்ளார்கள். நிர்வாகம் காப்புரிமை வாங்கச் சொல்கிறது. மாணவர்கள் இணையத்தில் திறந்துவிட விரும்புகிறார்கள். திறந்துவிட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா?
– உதவிப் பேராசிரியர், சேலம்

முதலில் வரிசை. இணையத்தில் போட்டுவிட்டுப் பிறகு காப்புரிமைக்குப் போனால், புதுமை போய்விட்டது என்று மறுக்கப்படும். இந்தியச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகை அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் கழகத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்குத்தான். இணையப் பதிவுக்குக் கிடையாது. மனம் இரண்டாக இருந்தால் முதலில் தற்காலிக விண்ணப்பம் கொடுங்கள். முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் கிடைக்கும். 2021 விதித் திருத்தத்துக்குப் பின் கல்வி நிறுவனங்களுக்கு 80 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு.

அந்தக் கருவியை ஒரு கம்பெனி எடுத்துச் செய்யப் பெரிய முதலீடு வேண்டுமென்றால் காப்புரிமைக்கு அர்த்தம் உண்டு. வட்டாரப் பட்டறைகளே செய்துவிடக்கூடியது என்றால் திறந்துவிடுவதே மேல். கல்லூரி அலமாரியில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியாகும் காப்புரிமையால் யாருக்கும் பயனில்லை. தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி: 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பிறந்த ஆர்டுயினோவின் வரைபடங்கள் அன்றிலிருந்து திறந்தே கிடக்கின்றன. யாரும் நகல் செய்யலாம், செய்கிறார்கள். ‘ஆர்டுயினோ’ என்ற பெயரை மட்டும் போட முடியாது, அது வணிகக்குறி. வடிவத்தைத் திறந்துவிட்டுப் பெயரைக் காத்துக்கொண்டார்கள்.

திறப்பதென்றால் மூன்று உரிமம் தேவை. வன்பொருள் வரைபடத்துக்கு, செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையம் எழுதிய திறந்த வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு; அதில் மூன்று வகை. மேம்படுத்தி விற்பவரும் தன் மாற்றங்களைத் திறந்தாக வேண்டும் என்றால் ‘எஸ்’ வகையை எடுங்கள், எப்படியோ பரவினால் சரி என்றால் ‘பி’ வகை. நிரலுக்கு ஜிபிஎல் அல்லது எம்ஐடி என்ற மென்பொருள் உரிமம். செய்முறைக் குறிப்புக்கும் படங்களுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ். உரிமம் எழுதாமல் சும்மா ஏற்றிவிட்டால் சட்டப்படி எல்லா உரிமையும் ஆசிரியரிடமே இருக்கும்; யாரும் சட்டப்படி பயன்படுத்த முடியாது. மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவர் எழுதிய நிரல் பொதுவாக அவருடையது. அதனால் புராஜெக்ட் தொடங்கும் நாளிலேயே எல்லோரிடமும் உரிமச் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். வேலைக்குப் போய்ச் சிதறியபின் தேடுவது பெரும்பாடு. கோப்புகளை ஜெனோடோவிலும் வையுங்கள். செர்ன் நடத்தும் அந்தக் களஞ்சியம் நிலையான அடையாள எண் கொடுக்கும்.

பிறவியிலேயே விரல்கள் இல்லாத ஏழு வயதுச் சிறுமிக்கு, கல்லூரியில் உள்ள 3டி பிரின்டரில் இ-நேபிள் கை செய்து தர முடியுமா?
– இயன்முறை மருத்துவர், திருநெல்வேலி

முடியும், ஆனால் முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். இ-நேபிள் என்பது தன்னார்வலர்கள் 3டி பிரின்டரில் அச்சிட்டுத் தரும் செயற்கைக் கை; அதற்கு மோட்டார் இல்லை. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கும்போது விரல்களோடு கட்டிய நூல்கள் இழுபட்டு விரல்கள் மூடும். மணிக்கட்டு ஏறத்தாழ 30 டிகிரியாவது மடங்க வேண்டும், உள்ளங்கையும் ஓரளவு இருக்க வேண்டும். மணிக்கட்டே இல்லையென்றால் முழங்கையால் இயங்கும் வேறு வடிவங்கள் உள்ளன. அமெரிக்கக் கைப்பாவைக் கலைஞர் ஒருவரும், விபத்தில் விரல்களை இழந்த தென்னாப்பிரிக்கத் தச்சர் ஒருவரும் சேர்ந்து செய்த வடிவத்தைக் காப்புரிமை இல்லாமல் வெளியிட்டார்கள். 2013-இல் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் ஜான் ஷல் அதைச் சுற்றித் தன்னார்வலர்களைத் திரட்டினார். கோப்புகள் இன்றும் இலவசம்.

இரு கைகளையும் ஒரு அளவுகோலோடு சேர்த்து மேலிருந்து படமெடுத்து, உள்ளங்கை அகலத்தை வைத்து மொத்த வடிவத்தையும் ஒரே சதவீதத்தில் பெரிதாக்குங்கள். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கினால் மூட்டு ஊசிகள் பொருந்தாது. அச்சிடப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியில் இளகும். தட்டையாக அச்சாகும் மணிக்கட்டுப் பட்டையைச் சுடுநீரில் அமிழ்த்தி வளைப்பது அதனால்தான் முடிகிறது. மூடிய காரிலோ பள்ளிப் பேருந்தின் ஜன்னலோரத்திலோ வைத்தால் கை கோணிப்போவதும் அதே காரணத்தால்தான். தோலைத் தொடும் இடமெல்லாம் மெத்து ஒட்டுங்கள், நம் ஊர் வியர்வைக்கு அதைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். முதல் வாரம் அரைமணி நேரத்துக்கு மேல் அணிய விடாதீர்கள்; சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்பார்ப்பைக் குறைத்தே சொல்லுங்கள். பந்து, தண்ணீர் பாட்டில், சைக்கிள் கைப்பிடி பிடிக்கலாம். பேனா பிடித்து எழுதுவது கடினம், சூடான பாத்திரம் கூடவே கூடாது. விரல் இல்லாமலே பழகிய குழந்தைக்குத் தோல் உணர்வுள்ள சொந்தக் கையே பல வேலைகளுக்கு வசதி, ஆகவே சிறுமி கழற்றிப் போட்டால் அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். குழந்தை வளர்வதால் ஓரிரு ஆண்டில் பெரிய அளவில் மறுபடி அச்சிட வேண்டும். கல்லூரியில் அதற்கு ஒரு பெயர் இப்போதே குறித்து வையுங்கள்.

மோசில்லாவின் காமன் வாய்ஸுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க எங்கள் மாணவர் சங்கம் விரும்புகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்

கணினிக்குப் பேச்சைப் புரியவைக்க மக்களின் குரல்களைத் திரட்டும் அந்தத் தொகுப்பு சிசி0 என்ற முழுப் பொது உரிமத்தில் வெளியாவதால், நீங்கள் சேர்க்கும் வாக்கியங்களும் பதிப்புரிமை இல்லாதவையாக இருக்க வேண்டும். செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டக்கூடாது. எண்களை எழுத்தில் எழுதுங்கள். ‘1950’ என்று இருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிப்பார்கள், ஒலிக்கும் எழுத்துக்கும் பொருத்தம் போய்விடும். பதிவு செய்வோர் நிறைய, கேட்டுச் சரிபார்ப்போர் குறைவு என்பதுதான் பொதுவான சிக்கல். ஒவ்வொரு பதிவுக்கும் இருவரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே சங்கத்தின் நேரத்தில் பாதியைச் சரிபார்ப்புக்கு ஒதுக்குங்கள். யாழ்ப்பாண, மட்டக்களப்பு, மலையக உச்சரிப்புகளைப் பிழையென்று தள்ளிவிடாதீர்கள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டாலோ மாற்றிப் படித்தாலோ மட்டும் தள்ளுங்கள்.

வருடாவருடம் ஏதாவதொரு கல்லூரி வருகிறது, சர்வே எடுக்கிறது, பேனர் பிடித்துப் படமெடுக்கிறது, போய்விடுகிறது. நாங்கள் என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– ஊராட்சிச் செயலர், மன்னார்குடி அருகே

கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க மத்திய அரசு 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேர்ந்த கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எடுத்த சர்வேயின் முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாகக் கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள். நீர் பற்றிய வேலை என்றால் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை பொருத்தம். மூல அட்டவணையின் நகலை ஊராட்சிக் கணினிக்கும் வாங்குங்கள், பெயர்களும் கைப்பேசி எண்களும் நீக்கப்பட்ட வடிவில்.

கருவி எதையாவது மாட்டுவதாகச் சொன்னால் ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் மாட்ட விடாதீர்கள். அதில் இருக்க வேண்டியவை: பொறுப்பான பேராசிரியரின் பெயர் (மாணவர் பெயர் போதாது, ஜூன் மாதம் அவர் இருக்க மாட்டார்), சிம் ரீசார்ஜ் யார் செலவு, பெட்டிச் சாவி யாரிடம், பழுதென்று சொன்னால் எத்தனை நாளில் வருவார்கள், உதிரியாக ஒரு முழுக் கருவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்குமா, பயன் இல்லை என்று தெரிந்தால் எந்தத் தேதிக்குள் கழற்றி எடுத்துப்போவார்கள். கடைசியில் சொன்னதற்குத்தான் கல்லூரிகள் அதிகம் தயங்கும். கம்பத்தில் செத்துத் தொங்கும் ஒரு பெட்டி இருந்தால், அடுத்து உண்மையிலேயே வேலை செய்யும் பெட்டியோடு வருபவரையும் ஊரில் யாரும் ஏணி ஏற விடமாட்டார்கள். ஆகவே அந்தத் தேதியை எழுதி வாங்காமல் விடாதீர்கள்.